நான்கு சிகரத்துக்கும் அம்மா வருகிறேன்

என் செல்லச் சின்னவனுக்கு அம்மா எழுதுவது. எல்லாரும் சௌக்கியம் என்று தொடங்கத்தான் உட்கார்ந்தேன், பொய் எழுதக் கை வரவில்லை. நீயாவது அங்கே நன்றாக இரு.

பக்கவாதம் வந்ததிலிருந்து அப்பாவுக்கு இடது கை, கால் இன்னும் விளங்கவில்லை, பேச்சும் குழறுகிறது. யார் கதவைத் தட்டினாலும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறார், தண்ணீர் கேன்காரர் என்று தெரிந்ததும் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். பாங்க் வேலையை விட்டுவிட்டு மலையேற்ற வழிகாட்டியாகப் போகிறேன் என்று நீ கிளம்பியபோது, இனிமே இந்தப் படி ஏறாதேடா என்று கத்தினாரே, அதே மனிதர்தான். அவர் வீம்பு அப்படியே உனக்கு வந்திருக்கிறது, மூக்கு மட்டும்தான் என்னுடையது. நான் போன் செய்தால் எடுப்பதில்லை, அக்கா அனுப்பும் செய்திக்கெல்லாம் ஒரு கட்டைவிரல் படம். அப்பா படுத்துக் கிடக்கிறார் என்பதற்கும் கட்டைவிரலா, ராசா?

வேறு வழி தெரியாமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். பட்டியலில் என் பெயரைப் பார்த்துத் திடுக்கிடாதே. அடுத்த மாதம் உங்கள் கம்பெனி கூட்டிப் போகிற நான்கு சிகர நடையில் நானும் சேர்ந்திருக்கிறேன். முட்டியப் பிடிச்சுக்கிட்டு மாடி ஏறுற ஆளு நீ, உனக்கு என்னம்மா கிறுக்கு என்று அக்கா குதித்தாள், ஆனாலும் அப்பாவை அவள்தான் பார்த்துக்கொள்ளப் போகிறாள். டாக்டர், ஒரு சிகரம் தாண்டினாலே பெரிய விஷயம்மா என்று சொல்லித்தான் உடல்தகுதிச் சான்றில் கையெழுத்துப் போட்டார். தினமும் தண்ணீர் பாட்டில்களைப் பையில் அடைத்து முதுகில் மாட்டிக்கொண்டு நம் அடுக்குமாடிப் படிகளில் ஏறி இறங்குகிறேன். மூன்றாம் மாடியில் மூச்சு முட்டும், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதுவிட்டு மேலே போவேன். கீழ் வீட்டு டீச்சர், யார் மேல இவ்வளவு கோவம் உங்களுக்கு என்று கேட்டார். கோபமே இல்லை, பயம். உன்னைப் பார்க்காமலே அவர் போய்விடுவாரோ என்றுதான். என்னால நடக்க முடியலேன்னா என்று உங்கள் ஆபீஸ் பெண்ணிடம் கேட்டேன். பயப்படாதீங்கம்மா, கடைசியா வர்றவங்களை விட்டு நகராம கூடவே வர்றதுக்குன்னே ஒருத்தர் இருக்கார் என்று உன் பெயரைச் சொன்னாள். அந்த இடத்தில்தான் முடிவு செய்தேன். இப்போதே வீட்டுக்கு வந்துவிடு, என் பெயரை எடுத்துவிடுகிறேன். வராவிட்டால் அந்தக் கடைசி ஆள் நான்தான். என்னை விட்டு முன்னால் போகவும் உன்னால் முடியாது, போனை எடுக்காமல் விடுவதுபோல் தப்பிக்கவும் முடியாது.

ஈரக் காலுறையோடு படுக்காதே. எந்தப் பாறையிலும் உன் கால் வழுக்காமல், நோய்நொடி இல்லாமல் நீண்ட நாள் இரு. பதில் போடாவிட்டாலும் பரவாயில்லை, வா. அப்பா வாயில் இப்போது குழறாமல் வருவது உன் பெயர் ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அம்மா