ஏத்தங்குலையும் அறுபத்திரண்டும்

குன்னத்துகால்
9-3-1996

அன்பு மகள் ஜோஸ்னாவுக்கு அப்பா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் இங்கே அம்மா, உன் தம்பி சஜு, நான் எல்லோரும் சுகம், பூனாவில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன். அம்மாவின் முட்டுவலி கொஞ்சம் குறைவு. நான் சுகம் என்று எழுதினாலும் போன ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சபைக்காரர்களைக் கண்டால் வேலி ஓரமாக ஒதுங்கித்தான் நடக்கிறேன், காரணம் நானேதான். எம்.பி.ஏ. நுழைவுத் தேர்வில் ஆங்கிலத்தில் 94, கணக்கில் 62 என்று நீ கார்டில் எழுதியிருந்தாய் அல்லவா, அறுபதைத் தாண்டினால் பர்ஸ்ட் கிளாஸ் என்றுதானே எனக்குத் தெரியும். தோட்டத்து வாழையில் விளைந்து நின்ற ஏத்தங்குலையை வெட்டி ஸ்தோத்திரக் காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்துவிட்டேன். போதகரும், விஜயதாஸின் மகள் எம்.பி.ஏ. பரீட்சையில் பாஸானதற்காக என்று சபை முழுக்கக் கேட்க வாசித்தார். ஆராதனை முடிந்து முற்றத்தில் காணிக்கைகளை ஏலம் விட்டபோது நம் சபைச் செல்லையன் விடாமல் கேட்டுக் குலையை எடுத்தான், “பாஸான குலையாக்கும், எனக்க மோளுக்கு இந்த மாசம் எஸ்.எஸ்.எல்.சி. உண்டு” என்றான். நானும் பரீட்சை எழுதியது நானே என்பதுபோல எல்லாருக்கும் கைகொடுத்துக்கொண்டு நின்றேன்.

மறுநாள்தான் உன் பெரிய கடிதம் வந்தது. இந்த 62-ஐ வைத்து ஒரு காலேஜும் கூப்பிடாது, எனக்குக் கணக்கு வராது, இனி எழுதமாட்டேன், பெண் கேட்ட அமரவிளைக்காரர்களை வரச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாய். அம்மா இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள், இரண்டாம் தடவை கடைசி வரியை மட்டும். பாஸான பிள்ளையை ஏன் கூப்பிடமாட்டார்கள் என்று எனக்குப் புரியவில்லை, கடிதத்தை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரையில் டியூஷன் நடத்துகிற உன் சத்தியராஜ் சித்தப்பாவிடம் போனேன். அவன் வாசித்துவிட்டு, “அண்ணே, இது மார்க்கு இல்ல. எழுதின நூறு பேர வரிசையா நிறுத்தினா நம்ம பிள்ளைக்குப் பொறத்த அறுவத்திரண்டு பேரு. முன்னால நிக்கியவனுவளயாக்கும் காலேஜுல எடுப்பாவ” என்றான். அப்படியானால் நான் வைத்த குலை என்று கேட்டேன். “அதுக்கென்ன, குலை நல்ல குலைதானே” என்று சிரித்தான். திரும்பும் வழியில் செல்லையனிடம் மாட்டிக்கொண்டேன், உள்ளதைச் சொன்னேன். “அய்யோ அண்ணே, மோளு மூணு பழம் தின்னுபோட்டாளே, இனி என்ன செய்ய” என்று தலையில் கை வைத்தான், பிறகு அவனே சிரித்துவிட்டான், அதனால் நான் பிழைத்தேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். முதல் நாலைந்து கணக்கிலேயே பாதி நேரம் போயிற்று, கடைசியில் அவசரத்தில் கண்ணை மூடிக் குறித்ததெல்லாம் தப்பாகி உள்ள மார்க்கையும் குறைத்தது என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தில்தான் சித்தப்பா விரலை வைத்தான். “அவளுக்குக் கணக்கு வரும், விட்டுட்டுப் போவத்தான் வராது” என்றான். அது என் ரத்தம் மக்கா, தொண்டையில் சிக்கிய முள்ளை நானும் சோற்றை ஆறவைத்துவிட்டு அரைமணி நேரம் தோண்டுகிறவன். அவன் சொன்னது இதுதான், முதல் சுற்றில் பார்த்தவுடன் வழி தெரிகிறதை மட்டும் போடு, முரண்டு பிடிப்பதற்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு நகர்ந்துவிடு, இரண்டாம் சுற்றில் திரும்பி வா, அப்போதும் வழிக்கு வராவிட்டால் வெறுமனே விடு, குறிக்காதே. எட்டாம் வகுப்பு சதவீதம், விகிதம் இரண்டையும் வெட்கப்படாமல் முதலிலிருந்து போடு. தப்பிய கணக்கை விடையைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போகாமல் மறுநாள் பார்க்காமலே போடு. ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து கடிகாரத்தை முன்னால் வைத்து ஒரு முழுத் தேர்வு எழுது. அங்கேயே அவன் புத்தகத்தில் நானும் ஒரு கணக்குப் பார்த்தேன், ஒருவன் பன்னிரண்டு நாளிலும் இன்னொருவன் பதினெட்டு நாளிலும் முடிக்கும் வேலையைச் சேர்ந்து செய்தால் எத்தனை நாள் என்று. வாழைக்கு மண் அணைக்க இரண்டு பேரைச் சேர்த்து விட்டால் பேச்சிலேயே மாதம் ஒன்று ஆகும் என்றேன். “நீரு எழுதப் போவாதேயும்” என்று அவன் புத்தகத்தை வாங்கி வைத்துவிட்டான்.

அமரவிளைப் பையன் குறை சொல்ல ஒன்றுமில்லாதவன்தான். ஆனால் நல்ல பையன் என்பதற்காகக் கட்டுவது ஒன்று, கணக்குக்குப் பயந்து கட்டுவது வேறொன்று. சம்பந்தம் கொண்டுவந்த சரசம்மா சித்தி பதில் கேட்டு வந்தாள், ஜூனில் மறுபடி வரும் பரீட்சை முடியட்டும், அதுவரை காத்திருக்க முடியாதென்றால் அவர்கள் வேறு இடம் பார்க்கட்டும் என்று சொல்லி அனுப்பினேன். அம்மா அன்று பகல் எனக்குச் சாயா போடவில்லை. “இந்த ஒரு தடவ எழுதட்டு புஷ்பம், அதுக்குப் பொறவு நீ சொல்லியது” என்ற பிறகுதான் சாயங்காலம் சாயா வந்தது.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பார், உன் கையின் பிரயாசத்தை வாய்க்கப்பண்ணுவார். விண்ணப்பம் இந்த மாதத்தோடு முடியும் என்று சித்தப்பா சொன்னான், மறக்காமல் அனுப்பு. ராத்திரி சோற்றை ஒழித்துவிட்டுப் படிக்காதே.

உன் அப்பா,
விஜயதாஸ்

பி.கு. மேலே உள்ளதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். இது பாறசாலை தபாலாபீஸில் நின்று எழுதுவது. ஒரு தடவை என்று நான் அம்மாவிடம்தான் சொன்னேன், உன்னிடம் சொல்லவில்லை. ஜூனிலும் சரியாக வரவில்லை என்றால் மறுபடியும் எழுது மக்கா.