பெக்வித்தின் படகுக்குப் போட்ட கம்பி

மான்டாக், ஜூன்

அன்புள்ள வின்னி,

நீயும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அம்மாவுக்கு இருமல் நின்றதா? இங்கே வரிபாஸ் மீன் வந்துவிட்டது, தூண்டில் சாமான் கடையில் நல்ல கூட்டம்.

சின்ன விஷயம் ஒன்று, பயப்படாதே. மீன்பிடி படகு வைத்திருக்கும் கேப்டன் பெக்வித், ஓடும் படகின் பின்னால் இழுக்கும் தூண்டிலுக்கு நைலான் நரம்பே போதும் என்று அடம்பிடித்தார். இந்த நீரோட்டத்தில் மீன் அடியில் கிடக்கும். நைலான் அவ்வளவு ஆழம் இறங்காது. உலோகக் கம்பியை விற்று, அதை ரீலில் சுற்றி, பொய்யிரை கட்டி, இறக்கிக் காட்ட நானே படகில் போனேன். கம்பியை விடும்போது கட்டைவிரல் ரீலை அழுத்தியே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் துள்ளிச் சுருண்டுவிடும். அதைச் சொல்லிக்கொண்டிருந்த நானே பேச்சு சுவாரசியத்தில் விரலை எடுத்தேன். சுருண்ட கம்பி கையில் மாட்டிய நேரம், பொய்யிரை பாறையில் சிக்கியது. ஓடும் படகு இழுத்ததில் வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது.

"யோவ் ஆர்லோ, சரக்கு விக்க இப்படியாய்யா காட்டுவே?" என்றார் பெக்வித், கையில் துணியைச் சுற்றியபடி.

"கம்பி எப்படி, அத சொல்லுங்க கேப்டன்" என்றேன். அவர் அழுதுவிட்டார்.

புண் ஆறிவிடும். இதை இடது கையால் எழுதுகிறேன், ஆனால் முடிச்சுப் போட வரவில்லை. நேற்று ஒருவர் கம்பி கட்டித்தரக் கேட்டார். அலமாரி நிறைய வைத்துக்கொண்டு, சரக்கு தீர்ந்துவிட்டது என்று அனுப்பிவிட்டேன்.

பொத்தான் இல்லாத சட்டை இரண்டு வேண்டும். தபாலில் போடாதே, நீயே கொண்டு வா. கம்பி வாங்க இன்னொருவர் கடை வாசலில் நிற்கிறார்.

உன் ஆர்லோ