காலா, செருப்பா?

ஏப்ரல் 6, ஞாயிறு
ஓட்டக்கால் வந்துவிட்டது! ரவாங் பட்டறையில் செயற்கைக் கால் செய்யும் சிவநேசன் மாட்டிவிட்டான். கார்பன் தகடு, செம்பனைக் குலை வெட்டும் அரிவாள் மாதிரி வளைவு. மூன்று வருடத்துக்கு முன் லோரி நசுக்கிய இடது காலுக்கு இதுதான் பதில்.

மே ஒன்றாம் தேதி ஈஜோக் கோயில் திடலில் நடக்கும் விளையாட்டுப் போட்டியில் நூறு மீட்டர் ஓடப்போகிறேன். போன வருடம் நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டியதற்கே 'ஊக்கப் பரிசு' என்று பச்சை வாளி ஒன்றை மடியில் வைத்தார்கள். அதில்தான் அம்மா மீன் கழுவுகிறாள்.

ஏப்ரல் 9
மூன்று தடவை விழுந்தேன். சிவநேசன் சிரித்தான். நாசமாய்ப் போக.

ஏப்ரல் 18, வெள்ளி
பெயர் கொடுக்கப் போனேன். கோயில் தலைவர் காளியண்ணன் நான் நிரப்பிக் கொடுத்த பாரத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

"கோயில் திடல்லா. எல்லாரும் வெறுங்காலோடதான் ஓடணும். அடியில ரப்பர் ஒட்டியிருக்கே, இது செருப்புதானே?"

செருப்பாம்!

"கழட்டி வெளிய வெச்சிட்டு நொண்டியடிக்கவா தலைவரே? தொலைஞ்சா கமிட்டி வாங்கித் தருமா?"

"கோவப்படாதம்மா மாதவி. கூட்டத்துல பேசுறோம். உனக்குன்னு ஒரு பரிசு எடுத்து வெச்சிடுறோம்."

வாளி!

ஏப்ரல் 24
என் காலைப் பத்தி ஆறு ஆம்பளைங்க கூட்டம் போடுறாங்க. ஓட விடலைன்னா? பரிசு வேணாம், கோட்டுல மத்தவங்களோட நிக்க விட்டா போதும் – அதுகூடப் பெரிய ஆசையா?

ஏப்ரல் 27, ஞாயிறு
தலைவர் மகள் பிரேமலா போனில் சொன்னாள். அவளும் ஓடுகிறாள். கூட்டத்தில் பூசாரி இருசப்பன் கேட்டாராம்: "குழாயடியில நாம காலக் கழுவுவோமா, செருப்பக் கழுவுவோமா? மாதவி வெள்ளிக்கிழமை தவறாம ரெண்டையும் கழுவிட்டுத்தான் உள்ள வருது. அப்ப ரெண்டும் காலுதான்."

தீர்ப்பு முடிந்தது, நான் ஓடலாம்! நான் கழுவியது சேறு போக. பூசாரியிடம் சொல்ல மாட்டேன்.

மே 1, வியாழன்
பிரேமலா முதல். நான் நான்காவது. மூன்றாவது ஆளுக்கும் எனக்கும் ஒரு சாண்தான், சே!

மேடையில் மூன்று பேரைக் கூப்பிட்டார்கள். எங்கே வாளி வந்துவிடுமோ என்று பயந்துகொண்டே நின்றேன். காளியண்ணன் மைக்கை அணைத்தார். என்னைத் தாண்டிப் போகையில், "நாலாவதுக்கு ஒண்ணும் இல்லலா. அடுத்த வருசம் வேகமா ஓடு" என்றார்.

வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டாள், "ஒண்ணுமே குடுக்கலையாடி?"

"ஒண்ணுமே குடுக்கலம்மா!" என்று பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி கத்தினேன்.