சுவரோரம் போற வீல்

மகாராணிக்கு,

நான் வேலைக்குக் கிளம்பிட்டேன். அசந்து தூங்கிட்டிருந்தே, எழுப்ப மனசு வரல. சாப்பாடு அடுப்பு மேல மூடியிருக்கு, சுட வச்சுச் சாப்பிடு.

மத்தியானம் பழைய கார் வீல் விக்கிற கடைக்காரர் வருவார். ஆமா, நீ தகர டப்பான்னு சொன்ன அதே வீல்தான். ஒண்ணை முன்பக்கம் மாட்டி, நட்டை இறுக்கிட்டு, கையால சுத்திப் பாரு. பிரேக்ல உரசினா எல்லாத்தையும் திருப்பி அனுப்பிடு. போன தடவை அளவு பார்க்காம நான் வாங்கினது இன்னும் பால்கனியில பூந்தொட்டிக்கு முட்டுக் கொடுத்துட்டிருக்கு. ஷெட் சாவி உன் ஷூவுக்குள்ள இருக்கு.

தங்கக் கலர் வீல் இன்னொரு செட் கேட்டே. நான் தலையாட்டாததுக்குக் கஞ்சன்னுட்டே. சொல்லிக்கோ. ஆனா ரேஸ் டிராக் ஓரத்துல நின்னு உன்னைப் பார்க்கிறது நான்தானே? முன்னாடியெல்லாம் வளைவுல சறுக்கிட்டே டிரிஃப்ட் அடிக்கும்போது காரோட பின்பக்கத்தைச் சுவத்துக்கிட்ட கொண்டு போவே பாரு, எனக்கு உயிரே போய்ட்டு வரும். அந்தத் தங்கக் கலரை மாட்டினதுலேருந்து, சுவர் கிட்ட வந்ததும் ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுத்துடறே. வீல்ல கீறல் விழுமோன்னு பயந்து ஓட்டற ஆளா நீ?

அழகானதைக் கடைக்குப் போறப்ப மாட்டிக்கோ. பந்தயத்துக்கு இது போதும்.

கோபம் தீரலைன்னா போன் எடுக்காதே, புரிஞ்சுக்கறேன்.

பி.கு: நாலு இல்ல, ஆறு கொண்டு வருவார். பதறாதே. ரெண்டு, நீ சுவத்துல இடிச்சு உடைக்கறதுக்கு.