புகையில்லா எரிபொருளின் நுண்துகள் கணக்கு

1 அக்டோபர் 2071, காலை 6.10
வெங்கழனி விமான நிலையம், ஓடுபாதை முனை, அளவீட்டு அறை. நான் பூரணி. கிளம்பும் விமானங்களின் எஞ்சின் புகையில் உள்ள நுண்துகள்களை எண்ணுவது என் வேலை. புதுப் பாசி எரிபொருளில் புகையே வராதாம். வராத புகையை எண்ணச் சம்பளம் தருகிறார்கள். வெளிக் குழாய், அறைக்குள் இருக்கும் உள் குழாய் இரண்டிலும் அளவு இயல்பு. இங்கேயே தங்கி வேலை; மாத நடுவில்தான் வீட்டுக்குப் போகலாம். தூக்கம் போதவில்லை.

2 அக்டோபர், மாலை 5.40
ஆயுத பூஜை. பராமரிப்பு ஊழியர் ஜெயவேலு கருவிக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, சுண்டல் படைத்து, கற்பூரம் காட்டினார். துகள் எண்ணும் கருவிக்கே கற்பூரப் புகை! தடுக்க எனக்குத் தெம்பில்லை. உள் குழாய் எண்ணிக்கை எகிறியது. இருவரும் சிரித்தோம்.

5 அக்டோபர், காலை 9.00
எண்ணிக்கை இறங்கவே இல்லை. தலைமையகத்தில் நம்பெருமாள் சாரிடம் சொன்னேன். வயர்லெஸ்ஸில் பதில்: “கற்பூரத்தக் கொளுத்திட்டு எங்கிட்ட ஏம்மா கேக்குறீங்க? பூஜையிலேர்ந்து வந்த டேட்டாவ எல்லாம் தூக்கிப் போடுங்க.”
போட்டேன். வாதாட அலுப்பாக இருந்தது.

7 அக்டோபர், பகல் 2.15
கற்பூரக் கரி இல்லை. நுண்ணோக்கியில் பார்த்தேன். துகள் ஒன்று இரண்டாகப் பிரிந்தது. எரிந்த பாசி சாகவில்லை. வெயிலில் கருகிவிடுகிறது; சூடும் ஈரமும் கிடைத்தால் பெருகுகிறது. ஜெயவேலு இருமிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போனார். எல்லா விமானங்களையும் நிறுத்திவிட்டார்கள். என் அறையை வெளியிலிருந்து பூட்டிவிட்டார்கள்.

9 அக்டோபர், காலை 7.30
எஞ்சின்கள் குளிர்ந்து கிடக்கின்றன. உள் குழாய் எண்ணிக்கை மட்டும் ஏறுகிறது. சுவர், மேசை, துணி எல்லாவற்றையும் துடைத்தேன். பலனில்லை. கடைசியில் குழாய்ப் பக்கம் உட்கார்ந்து மூச்சை அடக்கினேன். இறங்கியது. விட்டேன். ஏறியது.
இப்போது எஞ்சின் நான்தான்.

10 அக்டோபர், மாலை 4.00
நம்பெருமாள் சார்: “ஜெயவேலு போயிட்டாரும்மா.” அழுதேன். மூக்கைச் சிந்தக்கூடப் பயமாக இருக்கிறது.
வெளிக் குழாய் இன்னும் சுத்தம். என் மகள் கயலுக்கு ஆறு வயது. இந்த மாதத் தொடக்கத்திலிருந்து அவளை நான் தொடவில்லை. என் குழந்தை பிழைத்தாள். அது போதும் எனக்கு.

11 அக்டோபர், காலை 8.20
கெஞ்சிக் கேட்டு அனுமதி வாங்கி, என் கணவர் மாறன் கயலை அழைத்து வந்திருக்கிறார். கண்ணாடிக்கு வெளியே நிற்கிறார்கள். அவர் கையில் வாக்கி டாக்கி. ஓடுபாதையை ஒட்டிய எங்கள் குடியிருப்பின் மேல் எத்தனை விமானங்கள் தாழப் பறந்தன என்று நான் யோசித்ததே இல்லை.
“அம்மா, இந்தக் குழாய்ல பேசுனா உனக்குக் கேக்குமா?”
வெளிக் குழாயில் வாயை வைத்து ஊதினாள். எண் ஏறியது.
எச்சில் ஈரமாக இருக்கும். கருவிக் கோளாறாக இருக்கும். வாயைத் துடைத்துவிட்டு ஊதச் சொன்னேன். ஏறியது. மாறனை ஊதச் சொன்னேன். அவருக்கும் ஏறியது. ஏன் என்று கேட்டார். சும்மா சோதனை என்றேன்.

8.26
மறுபடி ஊது கண்ணு என்றேன். கன்னம் உப்ப ஊதினாள். என் மூச்சுக்கு வரும் அதே எண்.
“அம்மா, சரியா ஊதுனேனா? சொல்லும்மா.”
சரியாகத்தான் ஊதினாய் என்று சொன்னேன்.