என் முதலுதவிச் சான்றிதழைத் திரும்பப் பெறுமாறு வேண்டி

அனுப்புநர்
ஒத்திலியா பராஓனா,
எம்பனாதா கடை எண் 23, நகராட்சிச் சந்தை,
சான் எலாதியோ, கொலம்பியா.

பெறுநர்
சுகாதாரச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம், சான் எலாதியோ.

பொருள்: சந்தையில் நடந்த முதலுதவிப் பயிற்சி குறித்த புகார் – எனது சான்றிதழை ரத்து செய்யவும் பயிற்சியை முறையாக மீண்டும் நடத்தவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சந்தையின் முதலுதவிப் பொறுப்பாளர் என்று தங்கள் துறை தந்த மஞ்சள் அட்டையைப் பதினொரு மாதங்களாகக் கழுத்தில் மாட்டியிருப்பவள் நான். புகார் என்று எழுதினாலும் இதில் முதல் குற்றவாளி நானே.

2. இரண்டு நாள் பயிற்சி நாற்பது நிமிடத்தில் முடிந்தது. பயிற்றுநர் பொம்மையின் நெஞ்சை நாலு முறை அமுக்கிக் காட்டினார். தீக்காயப் பாடத்தைத் தொடங்கியபோது, "சார், சனிக்கிழமை வியாபாரம் கெட்டுப்போகுது, கையெழுத்த வாங்கிக்கிட்டு விட்டுடுங்க" என்று கேட்டது நான்தான். "எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்று அவரும் புத்தகத்தை மூடினார். வராத ஆறு பேருக்கும் சேர்த்து நானே கையெழுத்துப் போட்டேன்.

3. கடந்த ஏப்ரல் 6 அன்று காலை, என்னைப்போலவே எம்பனாதா பொரித்து விற்கும் பக்கத்துக் கடை நூபியா கைசேதோவின் சட்டி சரிந்து, கொதிக்கும் எண்ணெய் அவளுடைய வலது கையில் கொட்டியது. மீன்கடை எலியூதெரியோ வாளித் தண்ணீருடன் ஓடிவந்தார். நான் குறுக்கே நின்றேன். "தண்ணி பட்டா கொப்பளிச்சிடும். அட்டை என் கழுத்துல இருக்கா, உங்க கழுத்துல இருக்கா?" என்றேன். அவர் வாளியைக் கீழே வைத்துவிட்டார். என் பையிலிருந்த பற்பசையை முழங்கை வரை பூசி, அடுப்படித் துணியால் இறுக்கிக் கட்டினேன். அவள் விரலில் இருந்த மோதிரத்தைக் கழற்ற வேண்டுமென்று தோன்றவில்லை. துடித்தவளிடம், "எரிஞ்சா மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்" என்று வேறு சொன்னேன்.

4. சுகாதார நிலையத்தில் அந்தப் பசையைச் சுரண்டி எடுத்தபோது அவள் அலறியதை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டேன். வீங்கிய விரலிலிருந்து மோதிரத்தை வெட்டி எடுத்தார்கள். "உடனே இருபது நிமிஷம் குழாய்த் தண்ணில கையைக் காட்டிட்டு, சுத்தமான துணியால லேசா மூடிக் கூட்டிட்டு வந்திருக்கலாமே" என்றார் நர்ஸ். எங்கள் கடைகளிலிருந்து பத்தடியில் குழாய் இருக்கிறது. புண் சீழ் பிடித்தது. இன்றும் அவளுக்கு இரண்டு விரல்கள் மடங்கவில்லை. மாவை இடது கையால் பிசைகிறாள்.

5. சென்ற வாரம் இறைச்சிக்கடைக்காரர் விரலை வெட்டிக்கொண்டு, "அக்கா, கட்டுப் போட்டு விடுங்க" என்று என்னிடமே வந்தார். கை கழுவப் போகிறவள்போல் எழுந்துபோய், அவர் போகும்வரை கழிவறையில் ஒளிந்திருந்தேன்.

ஆகவே, அட்டையையும் சான்றிதழையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். சந்தை மூடியிருக்கும் திங்கட்கிழமைகளில், இரண்டு முழு நாள் பயிற்சி நடத்தி, கடைசி நாள் கடைசி வேளையில் மட்டும் கையெழுத்து வாங்குமாறு வேண்டுகிறேன். நானும் வந்து உட்கார்ந்து கற்பேன். எனக்குச் சான்றிதழ் வேண்டாம்.

இன்னொன்றும் உண்டு. அன்று சுகாதார நிலையத்தில் நூபியாவைச் சேர்க்கும்போது, பற்பசை பூசியது யார் என்று நர்ஸ் கேட்டார். அவள் என் பக்கம் திரும்பாமலே, "நானேதான் பூசிக்கிட்டேன்" என்றாள். நான் அருகில் நின்றிருந்தேன், வாய் திறக்கவில்லை. பதிவேட்டில் அப்படியே எழுதியிருக்கிறார்கள். அந்த வரியில் அவள் பெயரை அடித்துவிட்டு என் பெயரை எழுத உத்தரவிடுமாறு தங்களைப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: சான் எலாதியோ
நாள்: 20.05.2019

தங்கள் முடிவுக்குக் கட்டுப்பட்டவள்,
ஒத்திலியா பராஓனா
(ஒப்பம்)