பதினெட்டு மணி நேரம் உட்கார எனக்குத் தெரியும்

ஏர்பேடு

அன்பு மகள் பிரியங்காவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் நைனாவும் நல்ல சுகம். ஆக்லாந்தில் நீயும் மாப்பிள்ளை பவன்குமாரும் வயிற்றிலிருக்கும் பிள்ளையும் சுகமாக இருக்கப் பெருமாள் துணை இருக்கட்டும். சுகம் கேட்டாயிற்று, இனி என் கோபத்தைக் கேள். போனில் பேசினால் நீ அழுவாய், நானும் விட்டுக்கொடுத்துவிடுவேன், அதனால்தான் எழுதி வாட்ஸ்அப்பில் போட்டோவாக அனுப்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை உன் மாமியார் ரத்னம்மா சித்தூரிலிருந்து பழமெல்லாம் வாங்கிக்கொண்டு வந்தார்கள். உன் பிரசவத்துக்கு அவர்கள்தான் வருகிறார்களாம், மாப்பிள்ளை டிக்கெட் பார்க்கிறாராம். "மெட்ராசுலேந்து பதினோராயிரம் கிலோமீட்டராம் சம்மந்தி, சிங்கப்பூர்ல மாறி மொத்தம் பதினெட்டு மணி நேரம் குந்திக்கினே போவணுமாம், உங்க முட்டிவலிக்கு ஆவாதுன்னு பிரியங்காவே சொல்லிச்சி" என்றார்கள். உன் நைனா மோரைக் குடித்துக்கொண்டே தலையாட்டுகிறார். அவருக்கு முன்பே தெரியுமாம்! முட்டி என்னுடையது, வலி என்னுடையது, என்னை ஒருத்தராவது கேட்டீர்களா? வலி இல்லையென்று நான் சொல்லவில்லை. நாற்று நட நாளெல்லாம் குனிந்து நிற்கிற உடம்பு, மெத்தைச் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தால் ஒடிந்துபோகுமா? போன வருஷம் உனக்குக் கலைந்தபோதும் இதே கதைதான். பத்து நாள் கழித்துச் சொன்னாய். ஏண்டி மறைத்தாய் என்று கேட்டதற்கு, "அவ்ளோ தூரம் வந்து நீ இன்னா பண்ணப்போற" என்றாய். அது எனக்கு இன்னும் ஆறவில்லை. என்ன பண்ணுவேனா? உன் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

மறுநாளே திருப்பதிக்கு பஸ் ஏறி ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். ரோஹிணி என்று ஒரு பெண், பொறுமையாகச் சொன்னாள். சிங்கப்பூருக்கு நாலரை மணி நேரம், அங்கே கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும், பிறகு பத்து மணி நேரம். நடுவில் எழுந்து நடக்கலாமா என்று கேட்டேன், "நடக்கலாம்மா, ரெண்டு வேளை சாப்பாடும் தருவாங்க" என்றாள். இதற்கா எல்லாரும் சேர்ந்து என்னை வீட்டில் உட்கார வைத்தீர்கள்? அங்கிருந்தே ரத்னம்மாவுக்கு போன் போட்டு, பிரசவத்துக்கு நான்தான் போகிறேன் என்றேன். சண்டைக்கு வருவார்கள் என்று நினைத்தேன். அந்த அம்மா மெதுவாக, "எனக்கும் ஏரோப்ளேன்னா பயந்தான் சம்மந்தி, புள்ள கேக்கறானேன்னு சரின்னேன், நீங்க மொதல்ல போங்க" என்றார்கள். பிறந்த மூன்றாம் மாதம் அவர்கள் வரட்டும், குழந்தையைக் கொஞ்சட்டும். நோவு எடுத்து நீ கத்தும்போது பக்கத்தில் நான் இருக்க வேண்டும்.

கனமான பக்கெட் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. விசாவுக்கு உன் அழைப்புக் கடிதமும் டாக்டர் கொடுத்த தேதியும் வேண்டுமாம், மறக்காமல் இந்த வாரமே அனுப்பு. தாயும் பிள்ளையும் வேறு வேறாகி, நூறு வருஷம் நன்றாக இருங்கள். உன் நைனா இப்போதுதான் சோறு வடிக்கப் பழகுகிறார், இரண்டு நாளாகக் குழைகிறது, துன்னட்டும்.

உன் மேல் கோபம் தீராத அம்மா,
செங்கம்மா